வயிறு கழுவாமல் விட்டது சரிதானா? அப்பத்தாவுக்கு நேர்ந்ததும் என் சந்தேகமும்

பள்ளத்தூர்ப் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். மருத்துவப் பகுதியில் இது என் முதல் பதிவு. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவுக்கு 79 வயது. காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில், செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். வீடு எப்படி என்று உங்களுக்கே தெரியும், முகப்பில் நின்று கூப்பிட்டால் இரண்டாங்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. நான் சென்னையில், சித்தப்பா சிங்கப்பூரில். காலையும் மாலையும் வேலைக்கு வரும் அக்கா ஒருவர்தான் துணை.

போன மாதம் ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அந்த அக்காவிடமிருந்து போன். ஆச்சி வளவில் (நடு முற்றத்தில்) தூணோடு சாய்ந்து கிடக்கிறார், சேலை தொப்பலாக நனைந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது, வாதம் அடித்துவிட்டது போல என்று அழுகிறார். 108 வந்து காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றிய பத்தாவது நிமிடம் அப்பத்தா கண்ணைத் திறந்து, ஆம்புலன்ஸ் பையனைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்குக் காப்பி குடுத்தியா?" என்று கேட்டாராம்.

மதியத்துக்கு மேல் நான் போய்ச் சேர்ந்து விசாரித்ததில் தெரிந்தது இது. வழக்கமான சர்க்கரை மாத்திரை கடையில் இல்லையென்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும்தான். அட்டையின் நிறம் வேறு. அப்பத்தா அதைப் புது மாத்திரை என்று எண்ணி, பழைய அட்டையில் மிச்சம் இருந்ததோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து ராத்திரி கரண்டும் போனது. போட்டோமா இல்லையா என்று குழம்பி இன்னொரு தடவை. சஷ்டி விரதம் வேறு, வயிற்றில் பாலும் பழமும் தவிர ஒன்றுமில்லை.

இப்போது என் சந்தேகம். வயிறு கழுவவே இல்லை. சித்தப்பா போனிலேயே டாக்டரிடம் சத்தம் போட்டார், அப்போதும் கழுவவில்லை. நன்றாக எழுந்து பேசுகிறவரை இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் வைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு ஏ.ஆர். புத்தகத்தில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) 'விஷம்' என்கிற தலைப்பின் கீழ் எழுதி, ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரித்துவிட்டும் போனார். அப்பத்தா அன்றைக்கு அழுத அழுகையை நான் பார்த்ததில்லை. இதில் எது சரி, எது தப்பு?

செம்மண்:
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாத்திரை உள்ளே போயிருக்கிறது, முதல் வேலையாகக் குழாய் விட்டுக் கழுவ வேண்டாமா? எங்கள் தாத்தா காலத்திலிருந்து மருந்து குடித்தவர்களைக் கொண்டுபோனால் அதைத்தான் செய்வார்கள். ஐ.சி.யூ. பில் ஏற்றத் தெரிகிறது, வயிறு கழுவத் தெரியவில்லை. நீங்கள் நேரே மதுரைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

கேஷுவாலிட்டி வாசல்:
நான் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பதினோரு வருடமாக டாக்டராக வேலை பார்க்கிறேன். இந்த ஊர்ப் பக்கம்தான், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம்.

முதலில் மதுரை விஷயம். செம்மண் அண்ணன் சொன்னபடி நேரே மதுரைக்கு வண்டியை விட்டிருந்தால் 38 என்ற சர்க்கரையோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் போயிருப்பார்கள். மூளைக்கு அது தாங்காது. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போவதுதான் சரி. மூச்சு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, இந்த நான்கையும் அங்கே நிலைப்படுத்திய பிறகு சிவகங்கைக்கோ புதுக்கோட்டைக்கோ மதுரைக்கோ போகலாம்.

அடுத்தது வயிறு. பேரன் சொல்வதைப் பார்த்தால் மாத்திரை போட்டது ராத்திரி ஒன்பது, பத்து மணி வாக்கில். ஆஸ்பத்திரி சேர்ந்தது விடிந்து ஆறு மணிக்கு. எட்டு மணி நேரம் கழித்து வயிற்றில் என்ன இருக்கும்? எல்லாம் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அரை மயக்கத்தில் இருக்கும் 79 வயதுக்காரருக்குக் குழாய் விட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்காக வந்தவர் நிமோனியாவில் போய்ச் சேருவார். இது என் சொந்தக் கருத்து இல்லை. விஷ முறிவு நிபுணர்களின் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 1997-லேயே வயிறு கழுவுவதை வழக்கமாகச் செய்யக்கூடாது என்று எழுதிவிட்டன. உயிருக்கு ஆபத்தான அளவு உள்ளே போயிருந்து, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆசிட், மண்ணெண்ணெய் என்றால் கிட்டவே போகக்கூடாது.

கரித்தூள் என்று ஒன்று கொடுப்போம், ஆக்டிவேட்டட் சார்கோல். பெரியவர்களுக்கு 50 கிராம், தண்ணீரில் கரைத்தால் தார் மாதிரி இருக்கும். அதற்கும் முதல் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம், அதுவும் ஆள் தெளிவாக இருந்து தானே குடிக்க முடிந்தால்.

பேரன், டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்க்கரை சார்ட் இருந்தால் போடுங்கள். இரண்டு நாள் ஏன் வைத்திருந்தார்கள் என்பது அதில் இருக்கும்.

பள்ளத்தூர்ப் பேரன்:
இருக்கிறது டாக்டர். காலை 6 மணி 38. 6.20-க்கு 164. 9.30-க்கு 58. மறுபடி குளுக்கோஸ். 11-க்கு 121. மதியம் 2-க்கு 61. அதற்கப்புறம் 'ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம்' என்று எழுதி ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் டிக் போட்டிருக்கிறது. ராத்திரி முழுக்க 110-லிருந்து 150-க்குள்.

நான் இதைப் பார்க்கவே இல்லை. 164 வந்தவுடன் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கேஷுவாலிட்டி வாசல்:
வீட்டுக்குப் போய் ஒன்பதரை மணிக்குத் திரும்ப அதே தூணில் சாய்ந்திருப்பார்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு எல்லாம் ஒரே குடும்பம். கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் மாத்திரைகள். குளுக்கோஸ் ஏற்றினால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரையைப் பார்த்துக் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினை விடும், திரும்ப இறங்கும். ஏணியும் பாம்பும்தான். அந்த ஆக்ட்ரியோடைடு ஊசி கணையத்தைப் போய் 'போதும்' என்று அடக்கும். அதைப் போட்ட பிறகு சார்ட் எப்படி அமைதியாகிவிட்டது பாருங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் மாத்திரை வெளியேற இன்னும் நேரம் எடுக்கும். ஒரு நாளாவது வைத்துப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. மெட்ஃபார்மினும் சேர்ந்திருப்பதால் ரத்தத்தில் அமிலம் கூடுகிறதா என்று லாக்டேட்டும் கிரியேட்டினினும் பார்த்திருப்பார்கள். அந்த ஊசியைச் சரியான நேரத்தில் யோசித்த டாக்டர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

பழைய சிஸ்டர்:
முப்பத்திரண்டு வருடம் வார்டில் நின்றவள் நான். வயிறு கழுவுவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் நாங்களே வரிசையாகக் கழுவியிருக்கிறோம். வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. 'ஏதோ செய்கிறார்கள்' என்று. பல சமயம் அவர்கள் நிம்மதிக்காகத்தான் கழுவினோமோ என்று இப்போது தோன்றுகிறது.

அதைவிடக் கொடுமை வீட்டில் நடப்பது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், புளித் தண்ணீர், தொண்டைக்குள் விரல். ஒரு தடவை கால் கிலோ உப்பைக் கரைத்து ஊற்றிக் கொண்டுவந்தார்கள். உள்ளே போன மருந்து ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, உப்புதான் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரவைத்தது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் இருப்பதைத் துடையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டில், அட்டை, டப்பா, காலியாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்தால் டாக்டர் உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்.

வரப்பு மேல்:
நான் சிங்கம்புணரி பக்கம், விவசாயம். போன வருடம் தம்பி கத்தரிக்காய்க்குப் பூச்சி மருந்து அடித்தான். வெயில், சட்டை போடவில்லை, ஸ்பிரேயர் முதுகில் ஒழுகியிருக்கிறது. சாயங்காலம் எச்சில் ஒழுக, கண்ணில் நீர் கொட்ட, மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டான். அவன் குடிக்கவில்லை. இதை ஆஸ்பத்திரியில் நம்ப வைக்கவே பத்து நிமிடம் ஆனது, அது தனிக் கதை. அங்கே அவன் துணியை எல்லாம் கழற்றிப் போட்டு, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டு, அப்புறம் ஊசி ஊசியாகப் போட்டார்கள். எண்ணினேன், ஒரு மணி நேரத்தில் அறுபதுக்கு மேல் கண்ணாடிக் குப்பி உடைந்தது. அவ்வளவு ஊசி எதற்கு? ராத்திரி அவன் பைத்தியம் பிடித்தவன் மாதிரி காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தான். அம்மா, பேய் பிடித்துவிட்டது என்று குன்றக்குடிக்கு வேண்டிக்கொண்டார்.

கேஷுவாலிட்டி வாசல்:
வரப்பு மேல் அண்ணே, தோல் வழியாகவும் ஏறும். உங்கள் தம்பியைக் குளிப்பாட்டியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

அந்தக் குப்பி அட்ரோபின். நம் ஊரில் ஒரு குப்பியில் இருப்பது 0.6 மில்லிகிராம்தான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து உடம்பில் ஏறினால் எல்லாக் குழாயும் திறந்துவிட்ட மாதிரி எச்சில், கண்ணீர், வியர்வை, நுரையீரலில் சளி. ஆள் சாவது பெரும்பாலும் தன் சளியிலேயே மூழ்கித்தான். அதை அடைக்கிற வரைக்கும் அட்ரோபின் கொடுக்க வேண்டும். மூன்று குப்பியில் ஆரம்பித்தால், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, போதவில்லையென்றால் ஆறு, அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் இருபத்து நான்கு. இரட்டித்துக்கொண்டே போவோம். கூட்டிப் பாருங்கள், இதுவே நாற்பத்தைந்து, இன்னொரு தடவை இரட்டித்தால் உங்கள் அறுபதைத் தாண்டிவிடும்.

எப்போது நிறுத்துவது? நெஞ்சில் குழலை வைத்தால் கரகரப்பு இருக்கக்கூடாது, நாடி 80-க்கு மேல், ரத்த அழுத்தம் மேல் அளவு 80-க்கு மேல், அக்குள் காய்ந்திருக்க வேண்டும். ஆமாம், அக்குள்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சிஸ்டர் வந்து கையுறையோடு அக்குளைத் தொட்டுப் பார்த்து சார்ட்டில் 'ஈரம்' அல்லது 'காய்ந்தது' என்று எழுதுவார். மிஷின் விலை எத்தனை லட்சமானாலும் அந்த விரலுக்கு ஈடில்லை.

அட்ரோபின் கொஞ்சம் மிஞ்சினால் காற்றில் பூப்பறிப்பது, போர்வையைப் பிய்ப்பது, இல்லாதவரோடு பேசுவது எல்லாம் வரும். மருந்தைக் குறைத்தால் சரியாகிவிடும். அம்மாவிடம் சொல்லுங்கள், ஆனால் வேண்டுதலை நிறைவேற்றிவிடட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை.

செம்மண்:
சரி டாக்டர், வயிறு விஷயத்தில் நான் தோற்றேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். என் மச்சானுக்கு இதே பூச்சி மருந்துக்காக 'பாம்' என்று ஒரு ஊசி வெளியில் வாங்கச் சொன்னார்கள், இன்னொரு ஆஸ்பத்திரியில் அதெல்லாம் வேண்டாம் என்றார்கள். ஒரே வியாதிக்கு இரண்டு நியாயமா?

கேஷுவாலிட்டி வாசல்:
நல்ல கேள்வி. அது பிராலிடாக்ஸைம். விஷம் கட்டிப்போட்ட நொதியை அவிழ்த்துவிடும் என்பது கணக்கு. 2006-ல் மகாராஷ்டிராவில் பாரமதியில் செய்த ஆய்வில், அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் நல்ல பலன் என்று வந்தது. 2009-ல் இலங்கையில் செய்த ஆய்வில் பலனே இல்லை, ஊசி போட்டவர்கள் பக்கம்தான் இறப்பு கொஞ்சம் கூடுதல் என்று வந்தது. எந்தப் பூச்சி மருந்து, எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் ஒரு டாக்டர் போடுவார், இன்னொருவர் வேண்டாம் என்பார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் என் வார்டில் சீக்கிரம் வந்தவர்களுக்குப் போடுகிறேன், ஆனால் நம்பியிருப்பது அட்ரோபினையும் வென்டிலேட்டரையும்தான். கரித்தூளுக்கும் இதே கதி. இலங்கையில் 4,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள், திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் இறப்பு குறையவில்லை என்று 2008-ல் வந்தது. அதற்காகக் கரித்தூளையே தூக்கிப் போட்டுவிடவில்லை, முதல் ஒரு மணி நேரத்துக்குள் வருகிறவர்களுக்கு இன்னும் கொடுக்கிறோம்.

இன்னொன்று, மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பூச்சி மருந்து கேஸில் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் ஏமாற்றும். ஆள் தெளிவாக இருப்பார், இட்லி கேட்பார். நான் ரவுண்ட்ஸில் போய், 'தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்' என்பேன். தூக்க முடியவில்லை என்றால் கழுத்துத் தசை போகிறது, அடுத்தது மூச்சுத் தசை. 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரைக்கும் இது வரலாம். அந்த நேரத்தில் 'நன்றாகத்தானே இருக்கிறார், கூட்டிப் போகிறோம்' என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பியவர்கள் உண்டு.

பழைய சிஸ்டர்:
டாக்டர் சொன்ன அந்த 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

எலி பேஸ்ட் கேஸ் ஒன்று. முதல் நாள் வாந்தி, இரண்டாம் நாள் ஒன்றுமில்லை, சிரித்துப் பேசியது அந்தப் பெண். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தலைகூட வாரிவிட்டது. வீட்டுக்காரர்கள் அழைத்துப் போய்விட்டார்கள். நாலாம் நாள் திரும்ப வந்தபோது கண் இரண்டும் மஞ்சள். அந்த பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலைச் சத்தமில்லாமல் தின்னும். மேலே எழுத மனம் வரவில்லை. அதைச் சாப்பிட்டவருக்குப் பாலோ நெய்யோ கொடுக்காதீர்கள், கொழுப்போடு சேர்ந்து இன்னும் உள்ளே ஏறும். நல்லது செய்வதாக நினைத்து எல்லோரும் முதலில் பாலைத்தான் ஊற்றுகிறார்கள்.

இன்னொன்று பொய். 'சாப்பிட்டது ஒத்துக்கலை சிஸ்டர்' என்பார்கள். மூக்குக்குத் தெரியும் பூச்சி மருந்து வாடை. ஆனால் எல்லா விஷமும் மணக்காது. களைக்கொல்லி என்றால் எது என்று சொன்னால்தான் ஆயிற்று. அதில் ஒரு வகைக்கு நாங்கள் வழக்கமாக வைக்கிற ஆக்சிஜனே நுரையீரலைச் சுடும். சிறுநீரில் ஒரு பொடியைப் போட்டு நீலமாக மாறுகிறதா என்று பார்ப்போம், அதற்குள் நேரம் போய்விடும். குடும்ப மானம் போய்விடும் என்று மறைக்கிறார்கள். நாங்கள் யாரும் ஊருக்குச் சொல்வதில்லை அம்மா.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால், இந்த நேரத்தில் பேச ஆள் இருக்கிறது: 104, அல்லது டெலிமானஸ் 14416. இரண்டும் இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

தெற்கு வீதி:
பாராசிட்டமால் பற்றி யாரும் சொல்லவில்லையே? எனக்கு ஒரு கடைவாய்ப் பல் வலி. இரண்டு நாள் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று போட்டேன், சளிக்காக வாங்கிய மாத்திரையிலும் அதுவே இருந்தது எனக்குத் தெரியாது. குமட்டல் வந்து போனபோது டாக்டர் ரத்தம் எடுத்து ஈரலைப் பார்த்து, அட்மிட் ஆகச் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பல் வலிக்கு அட்மிஷனா என்று.

கேஷுவாலிட்டி வாசல்:
சிரித்துக்கொண்டே அட்மிட் ஆனீர்களா இல்லையா? ஆகியிருந்தால் நல்லது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது, மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இதுவும் முதல் நாள் பெரிதாக எதுவும் காட்டாது. மாற்று மருந்து நன்றாக இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன், எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். ஒரே தடவையில் சாப்பிட்டவர்களுக்கு நான்கு மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளவு பார்த்து முடிவெடுப்போம். உங்களைப் போல இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது, ஈரல் சோதனையைப் பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த இழையைப் படிக்கும் ஜூனியர் டாக்டர்கள் யாராவது இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்குப் பெயர் தெரியாத மாத்திரை அட்டையோடு முழிக்காதீர்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 24 மணி நேரமும் எடுக்கும், 1800 116 117. நான் பல தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

கறுப்புக் கோட்டு:
தேவகோட்டையிலிருந்து. பேரன் கேட்ட போலீஸ் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஏ.ஆர். புத்தகத்தில் எழுதுவதும் ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவதும் ஆஸ்பத்திரியின் கடமை. தவறுதலாகச் சாப்பிட்டாலும் 'விஷம்' என்கிற தலைப்பில்தான் வரும், மாத்திரை அளவு மிஞ்சியதற்குத் தனிப் பக்கம் கிடையாது. அது குற்றச்சாட்டு இல்லை. வந்தவரிடம் 'இருட்டில் இரண்டு தடவை போட்டுவிட்டேன்' என்று உள்ளதைச் சொன்னால் முடிந்தது.

வேண்டுமென்றே சாப்பிட்டவர்கள் விஷயத்திலும் இப்போது பயப்பட வேண்டியதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே வரவில்லை. ஊரில் இன்னும் பலர் 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று தனியார் கிளினிக்குக் கிளினிக் அலைகிறார்கள். 'போலீஸ் வந்தால்தான் பார்ப்போம்' என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லவும் முடியாது, பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் முதலில் உயிர், அப்புறம்தான் காகிதம் என்று தீர்த்துவிட்டது.

அப்பத்தா அழுததற்கு மட்டும் சட்டத்தில் மருந்து இல்லை தம்பி. வந்த போலீஸ்காரர் கொஞ்சம் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசியிருக்கலாம்.

மெடிக்கல் கடை:
மேலே ஒரு கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார் என்று படித்தபோது எனக்கே குற்ற உணர்ச்சி. நானும் கொடுப்பேன். ஸ்டாக் இல்லையென்றால் வேறு வழி இல்லை. ஆனால் கொடுக்கும்போது பழைய அட்டையை வாங்கி, அதன் மேல் பேனாவால் அடித்துவிட்டு, 'இதுவும் அதுவும் ஒன்று, ஒன்றைத்தான் போடணும் ஆச்சி' என்று சொல்ல வேண்டும். கூட்ட நேரத்தில் அது விட்டுப்போகிறது. இனிமேல் விடமாட்டேன்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் மாத்திரை வேறு ஒன்று, மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு, சொரியாசிஸுக்குக் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அதோடு தினமும் போட ஃபோலிக் ஆசிட், அதுவும் சின்ன மஞ்சள் மாத்திரைதான். வயதானவர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். பத்து நாளில் வாயெல்லாம் புண், சோறு இறங்காது, ரத்தத்தில் வெள்ளை அணு விழுந்துவிடும். கோட்டையூர்ப் பெரியவர் ஒருவர் 'வாய்ப்புண்ணுக்கு ஏதாவது குடுப்பா' என்று என் கடைக்கு வந்தார். நல்லவேளையாக என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து அட்டையை எடுத்தார், ஒரு வாரத்தில் ஏழு காலி. அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். லூக்கோவோரின் என்று ஒரு ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டார். இப்போது அந்த அட்டையில் 'ஞாயிறு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

பள்ளத்தூர்ப் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு இந்த இழையை அனுப்பினேன். படித்துவிட்டு, 'சரி, அந்த டாக்டர் நம்பரைக் குடு, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்' என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிது.

இப்போதைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஏழு நாளுக்கும் அறை பிரித்த டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அக்கா அதில் மாத்திரையை நிரப்புகிறார். ராத்திரி எட்டு மணிக்கு நான் வீடியோவில் கூப்பிட, அப்பத்தா காலி அறையைக் கேமராவில் காட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் கூரையைக் காட்டினார். டாக்டர் கிளிமிபிரைடையே நிறுத்திவிட்டு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், இந்த வயதில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, இறங்கத்தான் கூடாது என்றாராம். இன்று காலை 142.

ஒரே ஒரு பிரச்சினை. பழைய அட்டைகளைத் தூக்கிப் போடலாம் என்று இரண்டாங்கட்டு அலமாரியைத் திறந்தால், பர்மாவிலிருந்து வந்த பிஸ்கட் தகரம் ஒன்று, நிறைய மாத்திரை. 2009-ல் காலாவதியானது வரைக்கும் இருக்கிறது. அதில் ஐயா, அதாவது என் தாத்தா, சாப்பிட்ட இதய மாத்திரை டிகாக்ஸின் இரண்டு அட்டை. ஐயா காலமாகிப் பன்னிரண்டு வருடம்.

கேஷுவாலிட்டி வாசல்:
அந்த டிகாக்ஸினை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். அரளி விதை இதயத்தை எப்படித் தட்டிவிடுமோ, அதே வேலையை இதுவும் செய்யும், நாடி நாற்பதுக்கு இறங்கி பேஸ்மேக்கர் வரைக்கும் கொண்டுபோகும். அதற்கான எதிர்மருந்து இங்கெல்லாம் சுலபத்தில் கிடைக்காது.

மெடிக்கல் கடை:
தகரத்தோடு என் கடைக்கு அனுப்பிவிடுங்கள் தம்பி, நான் பிரித்து எடுத்துக் கழிவில் சேர்க்கிறேன். தகரம் மட்டும் ஆச்சிக்குத் திரும்பி வரும்.

பள்ளத்தூர்ப் பேரன்:
சொன்னேன் அண்ணே. தகரத்தைத் தர ஒத்துக்கொண்டார். ஆனால் இதே மாதிரி இன்னும் இரண்டு பரணில் இருக்கிறதாம். எதில் என்ன என்று அவருக்கே ஞாபகம் இல்லை. சனிக்கிழமை ஏணியோடு வருகிறேன்.